முதலில் படியைச் சரிபாருங்கள்: கணித அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வலயத்தில் தரம் 6 முதல் 9 வரையான கணிதத்துக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

போன கிழமை என் ஏழாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை கணிதக் கொப்பிக்குப் பழைய கலண்டர் தாளில் புது உறை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். பழையது கிழிஞ்சிட்டு சேர் என்றாள். கிழியவில்லை. கலண்டர் தாளை மெல்லத் தூக்கிப் பார்த்தால் பழைய உறை அப்படியே இருக்கிறது, அதன் மூலையில் நான் ஒட்டிய சிவப்பு ஸ்ரிக்கரும் இருக்கிறது. அதை மறைக்கத்தான் அவ்வளவு பாடும். ஒட்டச் சொன்னது நீங்கள், ஒட்டியது நான். அதனால் இந்தக் கடிதத்தில் உள்ள குற்றச்சாட்டில் பாதி எனக்கும் உரியது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தவணைத் தொடக்கத்தில் எங்களைக் கூப்பிட்டு 'கற்றல் படி அட்டவணை' என்று ஒரு தாள் தந்தீர்கள். எட்டுப் படிகள். முழு எண்ணில் தொடங்கி, பின்னம், தசமம், திசைகொண்ட எண் (நேர், மறைக் குறி போட்ட எண்), விகிதம், சதவீதம், எளிய சமன்பாடு என்று ஏறி விகிதசமனில் முடிகிறது. ஒரே நாளில் 24 கேள்விகள், படிக்கு மூன்று. மூன்றில் இரண்டு சரி என்றால் அந்தப் படி முடிந்தது. எந்தப் படியில் முதலில் தவறுகிறதோ அந்தப் படியிலேயே பிள்ளையை நிறுத்த வேண்டும், அதற்கு மேலே உள்ள விடைகளைத் திருத்தவே தேவையில்லை என்றீர்கள். முதல் இரண்டு படிகளில் நிற்பவர்கள் சிவப்பு, ஐந்து வரைக்கும் மஞ்சள், அதற்கு மேல் பச்சை. அப்புறம் மாதம் முடிய ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படியாவது ஏறியிருக்க வேண்டும், ஏறாவிட்டால் ஆசிரியர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

யோசனை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இவ்வளவு காலமும் எங்களிடம் இருந்தது தவணைப் பரீட்சைப் புள்ளி மட்டும்தான். ஒரு பிள்ளைக்கு 35 என்றால் அந்த 35 எங்கே இருந்து வந்தது, எந்த இடத்தில் விளக்கம் அறுந்தது என்று அது சொல்லாது. பிள்ளையின் கணித விளக்கம் எந்த வழியால் வளர்கிறது என்று ஒரு பாதையை வரைந்து வைத்துக்கொண்டு, இவன் இந்த இடத்தில் நிற்கிறான், அடுத்து இந்தப் பக்கம் கூட்டிப் போகலாம் என்று பார்ப்பது புள்ளியைவிட ஆயிரம் மடங்கு நல்லது. நீங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது முதலில் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். நான் கேட்பது வேறு. இந்த எட்டுப் படியும் இந்த வரிசையில்தான் வரும் என்று யார், எந்தப் பிள்ளைகளிடம் பார்த்தார்கள்? அன்றைக்கே கேட்டேன். 'வெளிநாட்டு ஆய்வுகளின் அடிப்படையில் தயாரிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. தேநீர் இடைவேளை வந்ததால் கேள்வி அத்தோடு நின்றுவிட்டது.

சரி, அந்த வெளிநாட்டு ஆய்வுகளையே எடுப்போம். 'கற்றல் பாதை' என்ற சொல்லைக் கணிதக் கல்விக்குள் நிலைநிறுத்தியவர் மார்ட்டின் சைமன் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1995 இல். அவர் வெறுமனே கற்றல் பாதை என்று எழுதவில்லை, 'உத்தேசக் கற்றல் பாதை' என்றுதான் எழுதினார். பாடத்தின் இலக்கு, அதற்கான செயற்பாடு, பிள்ளையின் சிந்தனை எப்படிப் போகும் என்ற ஆசிரியரின் ஊகம், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அது. பிள்ளைகள் வேறு மாதிரி யோசித்தால் ஆசிரியர் தன் ஊகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் தாளில் மற்ற எல்லாம் இருக்கிறது, அந்த 'உத்தேச' மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெரி கொன்ஃப்ரி என்பவரின் குழு 6, 7, 8 ஆம் வகுப்புக் கணிதம் முழுவதற்கும் இப்படிப் பாதைகள் வரைந்து, ஒவ்வொரு பாதையையும் மட்டங்களாகப் பிரித்துக் கணினியில் ஏற்றியிருக்கிறது. அவர்களிடம் இருந்து நாம் எடுக்க வேண்டியது பட்டியலை அல்ல, அதற்குப் பிறகு செய்த வேலையை. பிள்ளைகளின் விடைகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்: மேல் மட்டத்துக் கேள்வி கீழ் மட்டத்துக் கேள்வியைவிட உண்மையிலேயே கடினமாக வருகிறதா? வராத இடத்தில் கேள்வியைத் திரும்பப் பார்க்கிறார்கள், அதில் பிழை இல்லை என்றால் மட்டத்தைத் திரும்பப் பார்க்கிறார்கள். அங்கே பாதைதான் பரீட்சை எழுதுகிறது. லண்டன் செல்சி கல்லூரியில் 1974 முதல் 1979 வரை 11 இலிருந்து 16 வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வும் அப்படித்தான். முதலில் விடைகள், எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்த்து அதிலிருந்துதான் மட்டங்கள். நாங்கள் தலைகீழாக, மட்டத்தைப் போட்டுவிட்டுப் பிள்ளையை அதற்குள் திணிக்கிறோம்.

இது ஏதோ படித்தவர்கள் தங்களுக்குள் அடிபடும் விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் படி தசமம். நீங்கள் தந்த மூன்று கேள்விகளும் இரண்டு எண்களில் எது பெரிது என்று கேட்பவை: 5.736, 5.62. அடுத்தது 0.85, 0.4. கடைசி 7.125, 7.1. என் 31 பிள்ளைகளில் 26 பேர் மூன்றையும் சரியாகச் செய்திருந்தார்கள். எனக்கே சந்தேகம் வந்தது, நான் அவ்வளவு நல்ல ஆசிரியன் இல்லை. அடுத்த நாள் கரும்பலகையில் 4.63, 4.8 என்று எழுதி எது பெரிது, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். அந்த 26 பேரில் 17 பேர் 4.63 என்று எழுதினார்கள். காரணம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒன்றுதான்: 63 எட்டை விடப் பெரிது.

உங்கள் மூன்று கேள்விகளையும் இப்போது திரும்பப் பாருங்கள். மூன்றிலும் புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடிய எண்தான் பெரிய எண். 'நீளமானது பெரியது' என்று பிழையாக நம்பும் பிள்ளைக்கு மூன்றும் சரியாக வரும். இப்படி நம்பும் பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், 1980 களிலிருந்தே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், இதைக் கண்டுபிடிக்க எந்த மாதிரி எண் சோடிகள் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்த விஷயம். அதாவது அந்தப் படி தசம விளக்கத்தை அளக்கவே இல்லை. பிழையான விளக்கத்துக்குச் சரி போட்டு மேலே அனுப்பியது.

அந்த 31 தாள்களில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பையன் 4.63 க்குப் பக்கத்தில் 'இப்படி ஓர் எண் இல்லை' என்று எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். 'ஓவருக்கு ஆறு போல்தானே சேர், 4.5 க்குப் பிறகு 5 எல்லோ வரும்' என்றான். எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகு 2.4 ஐயும் 1.3 ஐயும் கூட்டச் சொன்னேன். 4.1 என்று எழுதினான். இரண்டு ஓவர் நாலு பந்து, ஒரு ஓவர் மூன்று பந்து, மொத்தம் மூன்று ஓவர் ஏழு பந்து, அதாவது நாலு ஓவர் ஒரு பந்து. கணக்கு அச்சொட்டாகச் சரி, பத்துப் பத்தாக இல்லாமல் ஆறு ஆறாக எண்ணுகிறான் என்பதுதான் வித்தியாசம். இந்த மாதிரி விடைக்கு எத்தனை வருடமாக நான் 'கவனயீனம்' என்று சிவப்புப் பேனையால் எழுதியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகள் புள்ளி போட்ட எண்ணை முதன்முதலில் சந்திக்கும் இடம் புத்தகம் இல்லை, டிவியில் ஓடும் கிரிக்கெட் ஸ்கோர். முன்பென்றால் ரூபாய் சதம் இருந்தது. இப்போது சதத்தைக் கையில் பிடித்த பிள்ளை யார் இருக்கிறது? இந்த ஓவர் தசமம் உங்கள் எட்டுப் படியில் எந்தப் படி? இங்கே உள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருந்தால் அல்லவா இது தாளுக்குள் வந்திருக்கும்.

நாலாம் படியில் ஒரு 'மின்தூக்கி' தரைத் தளத்திலிருந்து மூன்று மாடி கீழே போய் ஐந்து மாடி மேலே வருகிறது. 'சேர், மின்தூக்கி எண்டா கறண்ட் கம்பி தூக்கிற மிசினா?' என்று பரீட்சை நடுவில் ஒருத்தி எழும்பிக் கேட்டாள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர்களில் லிப்ட் எங்கே இருக்கிறது? அதிலும் நிலத்துக்குக் கீழே மாடி. வெள்ளம் வந்தால் நிலத்துக்கு மேலே உள்ள வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கிற இடம் இது. அடுத்த கேள்வி பனி விழும் நாட்டின் வெப்பநிலை. நான் அதே கணக்கைக் கடைக் கொப்பிக் கடனாக மாற்றிக் கேட்டேன்: 300 ரூபாய் கடன் இருக்கிறது, அம்மா 500 கொடுத்து விடுகிறா, கடைக்காரர் மிச்சம் எவ்வளவு தருவார்? படியில் தவறியவர்களில் மூன்று பேரைத் தவிர எல்லாரும் சரி. கடன் என்பது மறை எண்ணை முழுக்க விளங்கியதற்கு அத்தாட்சி என்று நான் சொல்லவில்லை. ஆனால் மின்தூக்கி என்ற சொல்லில் தடுக்கி விழுந்த பிள்ளையை, திசைகொண்ட எண்ணில் விழுந்தது என்று பதியக்கூடாது.

எட்டாம் ஆண்டில் இன்னொருவன். பின்னம் பெருக்கத் தெரியாது, அதனால் இரண்டாம் படி, சிவப்பு. மேலே எதையும் திருத்தாதே என்பதுதானே கட்டளை. பழக்க தோசத்தில் நான் ஐந்தாம் படியையும் திருத்திப் பார்த்தேன், விகிதம் மூன்றும் சரி. பார்த்து எழுதியிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன், உண்மையைச் சொல்ல வேண்டுமே. கூப்பிட்டுக் கேட்டால், லீவு நாட்களில் மாமாவோடு மேசன் வேலைக்குக் கூடப் போகிறவன். ஐந்து வாளி மணலுக்கு ஒரு வாளி சீமெந்து, பன்னிரண்டு வாளி மணல் கிடந்தால் எவ்வளவு போடுவாய் என்றேன். 'ரெண்டு வாளி போட்டுட்டு, பிறகு அரை வாளிக்குக் கொஞ்சம் குறைய' என்றான். 2.4. பின்னம் பெருக்கல் முடியாமல் விகிதம் வராது என்று தாள் சொல்கிறது. இவனுக்கு விகிதம் முதலில் வந்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டே பின்னத்துக்குள் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் உங்கள் வழிகாட்டலின்படி அவன் இப்போது சிவப்புக் குழுவில் இருந்து முழு எண் வகுத்தல் செய்துகொண்டிருக்கிறான்.

பச்சையும் அப்படித்தான். ரியூசனில் குறுக்குப் பெருக்கல் பழகிய ஒரு பிள்ளை எட்டுப் படியும் தாண்டிவிட்டாள். கணக்குப் போடாமல், 5/6, 7/8 இரண்டில் எது ஒன்றுக்குக் கிட்ட என்று கேட்டால் முழிக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் 2020 இல் முதலாம் ஆண்டுக்கு வந்தவர்கள். வந்து மூன்று மாதம் ஆக முன் கொரோனா. 2021 இலும் பள்ளிக்கூடம் பூட்டு, 2022 இல் பெற்றோல் இல்லை. கீழ் வகுப்பில் வர வேண்டிய படிகள் இவர்களுக்கு ஒழுங்கான வரிசையில் வரவில்லை, சிலது வீட்டில், சிலது வட்சப்பில், சிலது வரவே இல்லை. வேறெந்தத் தொகுதிப் பிள்ளைகளுக்குச் சரியாக இருந்த பாதையானாலும் இவர்களிடம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

இனி என் குற்றம். போன மாத அறிக்கையில் நான் நாலு பிள்ளைகளை ஒரு படி மேலே தூக்கி வைத்தேன். அவர்கள் ஏறவில்லை. விளக்கம் எழுதப் பஞ்சிப்பட்டு, பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில் செய்தேன். நான் மட்டும்தான் செய்தேன் என்று நீங்கள் நம்பினால் அது உங்கள் பெருந்தன்மை. உங்கள் கணினியில் மாதாமாதம் ஏறிக்கொண்டு போகும் அந்தக் கோடு பிள்ளைகளின் முன்னேற்றம் இல்லை, எங்கள் பயத்தின் வரைபு. நாளைக்கு அதையே காட்டி 'பாதை சரியாக வேலை செய்கிறது' என்று யாராவது அறிக்கை எழுதுவார்கள், அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை.

2007 இல் தேர்ச்சிமையக் கலைத்திட்டம் வந்தபோது ஐந்து ஈ முறை வந்தது (பறக்கும் ஈ இல்லை, ஆங்கில E எழுத்தில் தொடங்கும் ஐந்து கட்டங்களாகப் பாடத்தை நடத்தும் முறை). நல்ல முறைதான். பிறகு என்ன ஆனது? பாடக்குறிப்பில் ஐந்து தலைப்புகள் மட்டும் மிஞ்சின, வகுப்பில் பழையபடி சோக்கும் பலகையும். இதுவும் அந்த வழியில் போய்விடக்கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

கலண்டர் தாள் போட்ட பிள்ளையின் தாய் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தா. 'சேர், எண்ட புள்ளையச் சிவப்பில போட்டிருக்காமே, அது பெயிலா?' என்று கேட்டா. இல்லை அம்மா, அது ஒரு படி என்றேன். 'எத்தினையாவது படி?' இரண்டாவது. 'எத்தினையில?' எட்டில். அவ ஒன்றும் பேசவில்லை, சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு போய்விட்டா. அந்த இரண்டை நான் நம்பியிருந்தால் அவவுக்கு ஒழுங்காக விளக்கம் சொல்லியிருப்பேன்.

ஆகவே கேட்கிறேன். ஸ்ரிக்கரை இந்தக் கிழமையே நிறுத்துங்கள், ஏற்கனவே ஒட்டியதை உரிக்க எங்களுக்கு எழுத்தில் அனுமதி தாருங்கள், வாய்ச்சொல் போதாது. மாதம் ஒரு படி என்ற கணக்கையும் அதற்கான விளக்கக் கடிதத்தையும் பாதை சரிபார்க்கப்படும் வரைக்கும் விலக்கிக்கொள்ளுங்கள். தவறிய படிக்கு மேலே திருத்தாதே என்ற கட்டளையை முதலில் எடுங்கள், ஏனென்றால் அது இருக்கும் வரைக்கும் வரிசை பிழை என்று காட்டக்கூடிய ஒரே சாட்சியை நாங்களே குப்பையில் போடுகிறோம். மாதக் கணக்கு தொடங்க முன்னர் முதல் நாள் எழுதிய விடைத்தாள்கள் எல்லாப் பள்ளிகளிலும் அலுமாரியில்தான் கிடக்கின்றன. 24 கேள்வியையும் முழுதாகத் திருத்தி, எந்தக் கேள்வியை எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். ஐந்தாம் படிக் கேள்வியை மூன்றாம் படிக் கேள்வியைவிடக் கூடப் பேர் செய்திருந்தால் கேள்வியோ படியோ பிழை. டென்மார்க்கில் ஜோர்ஜ் ராஷ் என்பவர் 1960 இல் கேள்வியின் கடினத்தையும் பிள்ளையின் திறனையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் கணித முறையைத் தந்திருக்கிறார், பல்கலைக்கழகத்தில் அது தெரிந்தவர்கள் இருப்பார்கள். அதுவரைக்கும் ஓர் எக்செல் தாள் போதும்.

எண்ணிக்கை மட்டும் காணாது. படுவான்கரையில் இரண்டு பள்ளி, கடற்கரையோரம் இரண்டு, நகரத்தில் ஒன்று, தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கும் விதமாகத் தெரிந்தெடுத்து, பள்ளிக்கு ஆறேழு பிள்ளைகளோடு உட்கார்ந்து 'இதை எப்படிச் செய்தாய், சொல்லு பார்ப்போம்' என்று கேளுங்கள். ஆலோசகர்கள் தாங்களே கேட்க வேண்டும், எங்களிடம் படிவம் அனுப்பி நிரப்பச் சொல்லக்கூடாது. மின்தூக்கிக் கேள்வி போல ஓர் ஊருக்கு லேசாகவும் இன்னோர் ஊருக்குக் கஷ்டமாகவும் வருவதைத் தூக்குங்கள். தசமத்துக்குப் பிழையான விதியால் சரியான விடை வராத எண்களைப் போடுங்கள், படிக்கு மூன்று கேள்வி என்பதைக் கூட்டுங்கள். அப்புறம் திருத்திய பாதையை வைத்து ஒரு தவணை படிப்பித்துப் பார்த்து, அதனால் பிள்ளைகளின் விளக்கம் உண்மையிலேயே கூடுகிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் முன்னர் எங்களைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ அந்தப் படிகளை வைத்து ஒரு முடிவும் எழுதாதீர்கள்.

என்னிடம் 31 பிள்ளைகளின் 4.63 விடைகள் காரணத்தோடு இருக்கின்றன, எட்டாம் ஆண்டுத் தாள்களும் முழுதாகத் திருத்தி இருக்கின்றன. பெயர்களை மறைத்துவிட்டு எந்தச் சனிக்கிழமை என்றாலும் கொண்டு வருவேன், கூட வர இன்னும் மூன்று ஆசிரியர்கள் சம்மதித்திருக்கிறார்கள். திகதியை மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையில் கணிதம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியர்